பேனாப் புள்ளியை வைத்து அண்டத்தை நடந்து அளப்பது எப்படி

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தபோது, சூரியக் குடும்பப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுக் கோள்களின் பெயர்களைச் சொல்லி வந்தேன். கோத்த மணிகளைப் போல எட்டுக் கோள்களும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "நடுவில் என்ன இருக்கிறது, டீச்சர்?" என்று கேட்டாள். அந்தப் படத்தில் நடு என்று ஒன்றே இல்லை. அன்றைக்கு அவளுக்குச் சொல்ல என்னிடம் பதிலும் இல்லை. கீழே எழுதியிருப்பது அந்தக் கேள்விக்காக நான் பழகிக்கொண்ட முறை. குழந்தைகளோடு செய்யுங்கள், அல்லது தனியாகச் செய்யுங்கள். ஆனால் உட்கார்ந்த இடத்தில் செய்யாதீர்கள், நடந்தே ஆக வேண்டும்.

வேண்டியவை ஒரு வெள்ளைத் தாள், கறுப்புப் பேனா, கத்தரிக்கோல், அளவுநாடா, நீளமான ஒரு நேர்ப்பாதை. தாளின் நடுவில் 1 மில்லிமீட்டர் அகலத்துக்குப் புள்ளி வையுங்கள். அதுதான் பூமி. உண்மையான பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீட்டர். அதை 1 மில்லிமீட்டராகச் சுருக்கிவிட்டோம், இனி எல்லாமே இந்தக் கணக்கில்தான் சுருங்கும். புள்ளியிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக இன்னொரு புள்ளி வையுங்கள். அது நிலா. மனிதக் கால் இதுவரை பதிந்த மிகத் தொலைவான இடம் அந்த 3 சென்டிமீட்டர்தான்.

இன்னொரு தாளில் 11 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள். அது சூரியன். அதைப் பாதையின் ஒரு முனையில் கண்மட்டத்தில் ஒட்டிவிட்டு, அளவுநாடாவை விரித்து 11.7 மீட்டர் நடங்கள். பூமித் தாளை அங்கே வைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். வட்டம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, வானத்தில் முழுநிலவும் அதே அளவுதான் தெரியும், சூரியனும் அதே அளவுதான். நிலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். காகித வட்டமும் நிலவும் கண்ணுக்கு ஒன்றாக நிற்கும்போதுதான் குழந்தைகள் இந்த அளவை நம்பத் தொடங்குகிறார்கள்.

இப்போது ஒளியைப் போல நடக்கச் சொல்லுங்கள். உண்மையில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் பாயும் ஒளி, நம் பாதையில் நொடிக்கு இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நகரும். ஒரு நிமிடத்துக்கு 1.4 மீட்டர். சூரிய வட்டத்திலிருந்து பூமிப் புள்ளிக்கு அந்த வேகத்தில் வந்து சேர 8 நிமிடம் 19 நொடி ஆகும். என் வகுப்பில் இரண்டாவது நிமிடத்திலேயே பிள்ளைகள் பொறுமை இழந்துவிட்டார்கள். நான் விடவில்லை, முழு நேரமும் நடக்க வைத்தேன். அண்டத்தில் எதுவும் ஒளியை முந்த முடியாது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, அந்த எட்டு நிமிடம் புரியவைத்தது.

பிறகு வெளிக்கோள்களுக்குப் போங்கள். 61 மீட்டரில் வியாழன், 1 சென்டிமீட்டருக்குச் சற்றுப் பெரியது. 112 மீட்டரில் சனி. 353 மீட்டரில் நெப்டியூன், 4 மில்லிமீட்டர். முதல் தடவை பாதை போதாமல் நெப்டியூனை விட்டுவிட்டேன். அது பெரிய தவறு. நெப்டியூன் நிற்கும் இடத்திலிருந்து திரும்பினால் சூரிய வட்டம் கண்ணுக்குத் தெரிவதே அரிது. அந்தச் சிறுமியின் கேள்விக்கு முதல் பதில் அங்கேதான் கிடைக்கும். இடையில் நாம் நடந்து வந்த தரை முழுவதும் ஏறக்குறைய வெறுமை. 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம், ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியும், இந்தக் கணக்கில் 2 கிலோமீட்டர் அளவுக்குத்தான் போயிருக்கிறது. அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி 3,150 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இனி நடக்க முடியாது. ஆகவே அளவுகோலை மாற்றுங்கள். ஒரே அளவில் எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பதால்தான் பலரும் பூஜ்யங்களை எண்ணியே களைத்துப்போகிறார்கள். நெப்டியூனின் சுற்றுப்பாதை முழுவதையும் அந்த 1 மில்லிமீட்டர் புள்ளிக்குள் அடைத்துவிடுங்கள். ஓர் ஒளியாண்டு, அதாவது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு, இப்போது ஏறக்குறைய 1 மீட்டர். பிராக்சிமா நாலரை மீட்டரில் வந்துவிடும். நம் சூரியன் இருக்கும் கேலக்சியான, அதாவது விண்மீன்களின் பெருங்கூட்டமான, பால்வீதியோ 100 கிலோமீட்டர் அகலம் விரியும்.

மறுபடியும் மாற்றுங்கள். 1,00,000 ஒளியாண்டு அகலமுள்ள பால்வீதியை 10 சென்டிமீட்டர் காகிதத் தட்டாக வெட்டி, இரண்டரை மீட்டர் தள்ளி ஆண்ட்ரோமீடா என்ற கேலக்சிக்கு இன்னும் சற்றுப் பெரிய தட்டு வையுங்கள். இரண்டையும் ஒரே அறைக்குள் வைத்துவிடலாம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விண்மீன்கள் தங்கள் அளவுக்கு ஒவ்வாத தொலைவில் தனித்துக் கிடக்கின்றன, கேலக்சிகளோ தங்கள் அளவோடு பார்த்தால் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் கேலக்சிகள் ஒன்றோடொன்று மோதுவதைத் தொலைநோக்கியில் பார்க்கிறோம். அப்படி மோதும்போதும் அவற்றின் விண்மீன்கள் உரசிக்கொள்வது அரிதினும் அரிது. ஆண்ட்ரோமீடா வெளியே இருக்கும் வேறொரு கேலக்சி என்பதே வானியலாளர் ஹென்ரியெட்டா லெவிட் கண்ட ஒரு விதியால்தான் உறுதியானது. சில விண்மீன்களின் ஒளி கூடிக் குறையும் கால அளவிலிருந்து அவற்றின் உண்மையான பிரகாசத்தை அறியலாம் என்று 1912இல் அவர் காட்டினார். 1923இல் வானியலாளர் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவுக்குள் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டு தொலைவைக் கணக்கிட்டார். ஹப்பிளின் பெயரைச் சொல்லும்போது லெவிட்டின் பெயரையும் சொல்லுங்கள்.

நாம் காணக்கூடிய அண்டத்தின் எல்லை, இந்தத் தட்டுக் கணக்கில், எல்லாத் திசையிலும் 46 கிலோமீட்டர் சொச்சம்.

இனிக் கீழ்நோக்கி. ஒரு தலைமுடியைத் தாளில் ஒட்டி, அதன் தடிமன் 10 மீட்டராகிவிட்டது, அதாவது ஒரு லட்சம் மடங்கு பெருகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தச் சிவப்பணு முக்கால் மீட்டர் அகலம், பாக்டீரியா ஒரு சாண், வைரஸ் 1 சென்டிமீட்டர் இருக்கும். டி.என்.ஏ. இழை மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு பெருக்கியும் அணு கண்ணுக்குத் தெரியாது.

அணுவுக்குத் தனி அளவுகோல் வேண்டும். முதலில் வைத்த பூமித் தாளை எடுத்துக்கொண்டு, 100 மீட்டர் அகலமுள்ள மைதானத்தின் நடுவில் போய் வையுங்கள். மைதானம் ஹைட்ரஜன் அணு. உங்கள் பேனாப் புள்ளியைச் சற்றே பெரிதாக்கினால், ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அளவில், அதுதான் அதன் கருவான புரோட்டான். அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அதற்குள் இருக்கிறது. 1911இல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு அணுக்கரு என்ற ஒன்று உண்டு என்று சொன்னபோது, தங்கத் தகட்டில் பட்டுத் திரும்பி வந்த ஒரு சில துகள்கள்தான் அவருக்குச் சாட்சி.

ஓரத்தில் ஒரு கல்லை வைத்து இதுதான் அணுவின் இன்னொரு துகளான எலக்ட்ரான் என்று காட்டத் தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் காட்டினேன். வேண்டாம். இந்த அளவில்கூட எலக்ட்ரானுக்கு அளக்கத்தக்க பருமன் எதுவும் இதுவரை தென்படவில்லை. அதோடு, அது ஓர் ஓரத்தில் கோளைப் போலச் சுற்றவும் இல்லை, எங்கே அகப்படும் என்ற வாய்ப்பாக மைதானம் முழுவதும் பரவியிருக்கிறது. பிள்ளைகளைப் புள்ளிக்கும் ஓரத்துக்கும் இடையில் நிற்க வையுங்கள். நடுவில் என்ன இருக்கிறது என்று இப்போது நீங்கள் கேளுங்கள். நெப்டியூன் பாதையில் சொன்ன "ஒன்றுமில்லை" என்ற பதிலைத்தான் முதலில் சொல்வார்கள். எலக்ட்ரான் இருக்கிறது என்று ஒருவராவது சொல்லும்வரை தாளை எடுக்காமல் காத்திருங்கள்.