மதுரைக்குப் போகிறவர்களுக்கு: கறி தோசைக்கு முன்னால் பத்திர ஆபீஸ்

மதுரைக்கு விடுமுறையில் போகிறவர்கள் திரும்பும் தேதியைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள் தாமாக முளைக்கும். "நீ வந்திருக்கிறப்பவே முடிச்சிருவோம்ப்பா, ஒரு கையெழுத்துதான்" என்று சித்தப்பா தொடங்கினாரென்றால், விடுமுறையில் பாதி சார்பதிவாளர் அலுவலகத்து பெஞ்சில் கழியும். என்னுடையது அப்படித்தான் கழிந்தது.

தாத்தா வீட்டில் அப்பாவுக்கு இருந்த பங்கை நான் விடுதலைப் பத்திரமாக, அதாவது பங்கை விட்டுக்கொடுத்ததாக, எழுதித்தர வேண்டும். கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அம்மாவின் கடைசி வருஷங்களில் கூட இருந்தது சித்திதான். சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் உண்டு, நாலு மணி நேரம்தான் என்பதை அந்த வீட்டில் யாரும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒருவேளை பேரம் பேசியிருப்பேன்.

சிக்கல் பெயரில் வந்தது. வாரிசுச் சான்றிதழில் நான் இனிஷியலோடு இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருவரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., எழுதித்தர வேண்டுமாம். வி.ஏ.ஓ. முகாமுக்குப் போயிருந்தார். அவர் வந்த அன்று பத்திர எழுத்தர் வரவில்லை. அப்புறம் எல்லாரும் வந்தார்கள், சர்வர் வரவில்லை. அதற்குள் முகூர்த்த நாள் வந்துவிட்டது. அன்றைக்குப் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் விடும், கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். கூட்டமில்லாத நாள் வேண்டுமென்றால் அஷ்டமி, நவமியில் டோக்கன் போடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பார்களா என்பது வேறு கதை. எங்கள் நம்பரைக் கூப்பிட்டு, கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைக்கப் போன நேரத்தில் சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ராகு காலம் முடியட்டும்ப்பா." பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை, அவர்களும் தங்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதிவு ஆனது நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம்.

ஆகவே சொத்து வேலை இருந்தால் அதை விடுமுறையோடு கலக்காதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி ஊரில் நம்பிக்கையானவர் உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடப் பவர் பத்திரம் எழுதி அனுப்பிவிடலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். நேரில்தான் போவேன் என்றால் பான் கார்டு, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருவது), பழைய பெயர் இருக்கிற பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சிக்கு அடையாள அட்டையோடு இரண்டு பேர் வேண்டும். இன்னொன்று, ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களுக்கு விவசாய நிலம் வாரிசாக வரலாம், ஆனால் அதை விலைக்கு வாங்க முடியாது. "உன் பேர்ல ரெண்டு ஏக்கர் போட்டு வைப்போம்" என்று எந்த மாமா சொன்னாலும் சிரித்துக்கொண்டே டீயைக் குடியுங்கள்.

பகல் போனால் போகட்டும், மதுரையில் ராத்திரி மிச்சமிருக்கும். ஆட்டம் பாட்டம் தேடுகிறவர்கள் சென்னையோடு நின்றுகொள்ளலாம். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிவிடும், அதற்கப்புறம் ஊர் விழித்திருப்பது சாப்பாட்டுக்குத்தான். சிம்மக்கல் கோனார் கடை கறி தோசையை ஆற விடாதீர்கள். கனமான தோசை, அதன் மேல் முட்டை, அதற்கும் மேல் மட்டன், அப்படியே திருப்பிப் போட்டு அழுத்தி எடுப்பார்கள். ஒன்றிலேயே வயிறு நிறைந்துவிடும். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: சுண்டிய பால், பாதாம் பிசின், நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். எனக்கென்னவோ அதைவிடத் தள்ளுவண்டிப் பருத்திப்பால்தான், சுக்கும் கருப்பட்டியும் மணக்க.

தங்குவதற்கு டவுன் ஹால் ரோடு வசதி, ரயில் நிலையமும் கோயிலும் நடை தூரம். நான் அங்கேதான் ரூம் போட்டேன். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் ஹாட்பாக்ஸில் இட்லி மட்டும் ரிசப்ஷனுக்கு வந்துவிடும், தம்பி கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே ஏறாமலே போய்விடுவான். நீங்கள் வீட்டிலேயே தங்குங்கள்.

மீனாட்சி கோயில் மத்தியானம் நடை சாத்தியிருக்கும், நாலு மணிக்கு மேல் போங்கள். முடிந்தால் கடைசிப் பூஜைக்கு இருங்கள். சொக்கரின் பாதங்களைப் பல்லக்கில் ஏற்றி மேளதாளத்தோடு அம்மனின் பள்ளியறைக்குக் கொண்டுவருவார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்தது. அந்த வருஷமே செல்போனுக்குத் தடை வந்துவிட்டது. வெளியே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். புலம்புகிறவர்கள் புலம்பட்டும், உள்ளே இருக்கிறவரைக்கும் எந்தச் சித்தப்பாவும் கூப்பிட முடியாது.

நாயக்கர் மகால் 1636-இல் கட்டியது, இப்போது மிஞ்சியிருப்பதே அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு இருக்கிறது. காந்தி மியூசியத்துக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். அவர் 1921 செப்டம்பரில் அரையாடைக்கு மாறியது இந்த ஊர் மேலமாசி வீதியில்தான். 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்கென்று அரை நாள் ஒதுக்கியிருந்தேன், அன்றைக்குப் பார்த்துத்தான் வி.ஏ.ஓ. வந்தார். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லையென்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் தாங்காது.