இறால்ல கிருமி இருக்கான்னு பாலிமர் அச்சு வச்சு பாக்குறது எப்படி?

1950-ல ஜப்பான் ஒசாகாவுல 272 பேரைப் படுக்கப் போட்டு 20 பேரைக் கொன்ன விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்ங்கிற பாக்டீரியாதான் நம்ம டார்கெட். செத்த பாக்டீரியாவை (உயிரோட வேணாம்ப்பா) பைரோல் (கரண்ட் குடுத்தா பாலிமரா மாறுற ரசாயனம்) கரைசல்ல கலந்து, கரண்ட் குடுத்து எலக்ட்ரோடு மேல பாலிமர் படலமா வளத்துக்கோங்க, அப்புறம் பாக்டீரியாவைக் கழுவி எடுத்தா அதே வளைஞ்ச குச்சி ஷேப்ல குழி நிக்கும், பணியாரக் கல்லு மாதிரின்னு வச்சுக்கோங்களேன். இந்தக் கழுவுறதுல சொதப்புனா மொத்தமும் வேஸ்ட். பாக்டீரியா சேக்காம, அச்சு போடாத படலம் ஒண்ணும் கூடவே செஞ்சு வைங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிஜ சிக்னல். இறால் சதையை அரைச்சு வடிகட்டி அந்தத் தண்ணிய படலத்து மேல விடுங்க, குழில கிருமி உக்காந்தா இம்பீடன்ஸ் (கரண்ட்டுக்கு வர்ற தடை) மாறும். ஈ.கோலைங்கிற வேற பாக்டீரியாவை விட்டும் பாருங்க, அதுவும் ஒட்டுச்சுன்னா அச்சு சரியில்ல, மறுபடி மொதல்லேர்ந்து.