கார்டியோலிபின் போட்ட லைபோசோம் செஞ்சு பாக்குறது எப்படி

சாதா பாஸ்போலிப்பிட்னா ஒரு தலை ரெண்டு வால். கார்டியோலிபின் வேற டைப், ரெண்டு பாஸ்பேட் நாலு வால், மைட்டோகாண்ட்ரியா உள் சவ்வோட லிப்பிட்ல (கொழுப்புல) சுமார் 20 சதவீதம் இதுதான். 1942ல மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்துல இருந்து பிரிச்சு எடுத்தாங்க, கர்ப்பிணிகளுக்கு எடுக்குற விடிஆர்எல் டெஸ்ட்ல (சிபிலிஸ் நோய்க்கான ரத்த டெஸ்ட்) ஆன்டிஜனா, அதாவது ரத்தத்துல இருக்குற ஆன்டிபாடி வந்து ஒட்டுற பொருளா, போடுறதும் இதேதான்.

இது சேர்ந்தா சவ்வு என்ன ஆகுதுன்னு பாக்கணும்னா லைபோசோம் (லிப்பிட் சவ்வாலான குட்டி உருண்டை) போடுறதுதான் ஈஸி. ஆனா வெறும் பிசி (பாஸ்பாடிடைல்கோலின், மொத்த சார்ஜ் இல்லாத சாதா பாஸ்போலிப்பிட்) லைபோசோமோட மட்டும் கம்பேர் பண்ணாதீங்க ப்ளீஸ், கார்டியோலிபின்ல ரெண்டு நெகட்டிவ் சார்ஜ் இருக்கு, ஏதாவது மாறினா அது சார்ஜால மாறுச்சா ஷேப்பால மாறுச்சான்னு கடைசி வரைக்கும் தெரியாது. பிஜி (பாஸ்பாடிடைல்கிளிசரால், ரெண்டு வால், ஒரு நெகட்டிவ் சார்ஜ்) போட்ட ஒரு செட் கண்டிப்பா வேணும்.

கணக்கு இப்படி வைங்க. டிஓபிசி, டிஓபிஜின்னா ஓலியிக் வால் இருக்குற பிசி, பிஜி. முதல் செட், டிஓபிசி 8 மைக்ரோமோல் (6.3 மிகி) கூட டெட்ராஓலியோயில் (நாலு வாலும் ஓலியிக்) கார்டியோலிபின் 1 மைக்ரோமோல் (1.5 மிகி). ரெண்டாவது, அதே 8 டிஓபிசி, கூட டிஓபிஜி 2 மைக்ரோமோல் (1.6 மிகி). மூணாவது டிஓபிசி மட்டும் 10 மைக்ரோமோல். ஒரு கார்டியோலிபினுக்கு எதிரா ரெண்டு பிஜி ஏன்னா, அப்பதான் சார்ஜும் சமம், வால் எண்ணிக்கையும் சமம். நிறைய பேர் ரெண்டுத்துக்கும் ஒரே மோல் சதவீதம் போட்டுட்டு ரிசல்ட்ட பாத்து குழம்புறாங்க. இதயத்துல இருந்து எடுத்த கார்டியோலிபின்ல லினோலியிக் வால்தான் ஜாஸ்தி, காத்து பட்டா சீக்கிரம் ஆக்ஸிடைஸ் ஆயிடும், அதனால ஆரம்பத்துக்கு ஓலியோயில் வகையே போதும்.

குளோரோஃபார்ம்ல கரைச்சு கண்ணாடி சிரிஞ்சுல எடுங்க, பிளாஸ்டிக் டிப் வேண்டாம், பிளாஸ்டிக்ல இருந்து கண்டது எல்லாம் கரைஞ்சு லிப்பிட்டோட வந்துரும். ரோட்டரி எவாப்பரேட்டர்ல சுத்தினா குடுவை உள்பக்கம் பால் பாத்திர ஓரத்துல காஞ்ச ஆடை மாதிரி மெல்லிசா படியும், கொஞ்சமா மங்கலா தெரியும். அதுக்கப்புறம் வேக்குவம்ல ரெண்டு மணி நேரமாவது விடுங்க. பிறகு 2 மிலி பஃபர், ஹெபெஸும் சோடியம் குளோரைடும், பி.ஹெச் 7.4. பிபிஎஸ் (பாஸ்பேட் பஃபர்) போடாதீங்க, பின்னாடி கால்சியம் ஊத்தும்போது கால்சியம் பாஸ்பேட்டா வீழ்படிஞ்சு ஏமாத்திடும். நல்லா குலுக்கி, ஃப்ரீஸ்-தா (உறைய வச்சு உருக்குறது) சில தடவை பண்ணி, 100 நானோமீட்டர் ஃபில்டர்ல 11 தடவை எக்ஸ்ட்ரூட் பண்ணுங்க, அதாவது ரெண்டு சிரிஞ்சுக்கு நடுவுல ஃபில்டர வச்சு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் தள்ளுங்க. ஒத்தப்படை எதுக்குன்னா, கடைசில வர்றது ஃபில்டர தாண்டாத பெரிசுங்க கிடக்குற முதல் சிரிஞ்சுக்கே திரும்பிடக் கூடாது.

இனி கால்சியம். பிசி இவ்ளோ இருக்கும்போது பெருசா எதுவும் தெரியாம போகலாம், அதனால சுத்த கார்டியோலிபின், சுத்த பிஜின்னு தனியா ரெண்டு போட்டு வைங்க. கால்சியம் குளோரைட கொஞ்சம் கொஞ்சமா விட்டு 400 நானோமீட்டர் ஒளியில டர்பிடிட்டி (கலங்கல்) பாருங்க. பிஜியும் கலங்கலாம், அத பாத்து உடனே முடிவு கட்டாதீங்க, பி.ஹெச் சரி பண்ணின ஈடிடிஏவ (கால்சியத்த பிடிச்சு வச்சுக்குற பொருள்) கால்சியத்த விட அதிகமா விடுங்க. தெளிஞ்சிருச்சுன்னா லைபோசோமுங்க சும்மா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, தெளியலன்னா சவ்வுங்க ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கு. கார்டியோலிபின் தலையோட சார்ஜ கால்சியம் அடக்கிட்டா தலை சுருங்கி, நாலு வாலும் இடம் அடைச்சு, ஷேப் கூம்பாயிடும், அப்புறம் தட்டையா அடுக்க முடியாம தலைகீழ் ஹெக்ஸாகனல் கட்டத்துக்குப் (தலை உள்ளயும் வால் வெளியயும் இருக்குற குழாய்ங்க அறுகோணமா அடுக்குற நிலை) போயிடும். ஆனா டர்பிடிட்டிய வச்சு ஹெக்ஸாகனல்னு எழுதிடாதீங்க, அதுக்கு பாஸ்பரஸ் என்எம்ஆர் இல்லன்னா எக்ஸ்ரே ஸ்கேட்டரிங் வேணும்.

மைக்ரோஸ்கோப் இருந்தா ஜெயன்ட் வெசிக்கிளும் (மைக்ரோஸ்கோப்ல தெரியுற அளவு பெரிய லைபோசோம்) போடலாம். கார்டியோலிபின் கலந்த வெசிக்கிள் பக்கத்துல மைக்ரோபிப்பெட்டால ஆசிட் லேசா விட்டா, சவ்வு குழாய் குழாயா உள்ள இழுத்துக்கும், பாக்க மைட்டோகாண்ட்ரியா கிரிஸ்டே (உள் சவ்வோட மடிப்பு) மாதிரியே இருக்கும், நிறுத்தினா திரும்பவும் வெளிய வந்துரும். பிஜி வெசிக்கிளயும் பக்கத்துலயே போட்டுப் பாருங்க, வெளியான சோதனைகள்ல கார்டியோலிபின் இருந்த சவ்வுல மட்டும்தான் இப்படி குழாய் வந்துச்சு, அதனால இந்த வளைவுல கார்டியோலிபினுக்குன்னு தனி வேலை இருக்குன்னு சொல்றாங்க.