சிறிய பாய்மரப் படகில் சமையல் எரிவாயுத் தோம்பை வைக்கும் முறை

பினாங்கில் பெரும்பாலான வீடுகளில் எரிவாயுத் தோம்பு சமையல் மேடைக்கு அடியில்தான் நிற்கிறது. ரெகுலேட்டரில் சிறிது கசிந்தாலும் பின்கதவின் அடியிலுள்ள இடைவெளி வழியாக வாயு வெளியேறிவிட வாய்ப்புண்டு என்பதால், அந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அதே பழக்கத்தைப் படகுக்குள் கொண்டுபோவதுதான் ஆபத்து. சமையல் எரிவாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேன் காற்றைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை. படகின் உடலோ அடியில் துளையே இல்லாத அண்டா. உள்ளே கசிந்த வாயு தரைப்பலகைகளுக்குக் கீழே இறங்கி, பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் ஏறக்குறைய 2 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். 10 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிறிய கேபின் முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவர அரை கிலோவுக்கும் குறைவான வாயு போதும். நாம் மளிகைக் கடையில் வாங்கும் தோம்பிலோ 14 கிலோ இருக்கிறது.

ஆகவே தோம்பு புதியதா, எந்த நிறுவனத்துடையது என்பதைவிட, அது நிற்கும் பெட்டியின் அடியில் வாயு கடலுக்கு இறங்கிப் போக வழி இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. முறையான தோம்புப் பெட்டி படகின் உட்புறத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல், வாயு புகாதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். மேற்புறமாக மட்டுமே திறக்க வேண்டும். திறந்தால் வாயு வெளிக்காற்றுக்குப் போகவேண்டுமே தவிர கேபினுக்குள் போகக்கூடாது. அதன் தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து ஒரு வடிகுழாய் புறப்பட்டு, படகின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு மேலே திறக்க வேண்டும். குழாயின் உள்விட்டம் 19 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வெளிவாயிலுக்கும் சன்னல், காற்றுத் துளை, எஞ்சினின் புகைபோக்கி போன்றவற்றுக்கும் இடையே குறைந்தது அரை மீட்டர் தூரம் விடுங்கள். இல்லையேல் ஒரு துளையில் வெளியே போன வாயு அடுத்த துளையில் உள்ளே வந்துவிடும்.

வடிகுழாய் தொடக்கம் முதல் முடிவு வரை இறக்கமாகவே செல்ல வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நடுவில் ஓரிடத்தில் குழாய் தொய்ந்து வளைந்தால், அந்த வளைவில் மழைநீர் தங்கி வாயுவின் வழியை அடைத்துவிடும். பழைய படகை வாங்குபவர்கள் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: தோம்பை எடுத்துவிட்டுப் பெட்டிக்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். ஊற்றிய நீர் முழுவதும் தடையின்றிக் கடலில் விழ வேண்டும். பில்ஜில் ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது. படகு காற்றில் சாய்ந்து ஓடும்போது அந்த வெளிவாயில் நீருக்குள் மூழ்குகிறதா என்பதையும் இரு பக்கச் சாய்விலும் பாருங்கள். நம் ஊரில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. மரீனாவில் சில வாரங்கள் அசையாமல் கிடக்கும் படகின் குழாய்களில் குளவிகள் மண்கூடு கட்டிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் துளை இருப்பதுபோலவே தோன்றும், உள்ளே களிமண் இறுகியிருக்கும். எனவே வாளித் தண்ணீர்ச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடாமல், நீண்ட நாள் கழித்துப் படகில் ஏறும்போதெல்லாம் செய்வது முறை.

பெட்டிக்குள் தோம்பும் அதன் இணைப்புகளும் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. கயிறு, மிதவை, சலவைத்தூள் என்று இடம் கிடைத்தவுடன் எதையாவது திணிக்கும் பழக்கம் படகுக்காரர்களுக்கு உண்டு. அவற்றில் ஏதாவது ஒன்று நழுவி வடிதுளையின்மேல் உட்கார்ந்தால் இவ்வளவு ஏற்பாடும் வீண். படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சினுக்கான பெட்ரோலை இங்கே வைக்கவே கூடாது. ஸ்டீம்போட் அடுப்புக்கு வாங்கும் சிறிய பியூட்டேன் குப்பிகளைக் கேபின் அலமாரியில் அடுக்குவோரும் இருக்கிறார்கள். அவற்றின் மெல்லிய தகரம் உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடித்துத் துளைபடும் என்பதால் அவற்றுக்கும் இத்தகைய வடிகால் உள்ள பெட்டியே உரிய இடம்.

தோம்பு எப்போதும் வால்வு மேலே இருக்கும்படி நேராக நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். திரவம் ஆவியாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரிவதால், அடுப்பில் பெருஞ்சுவாலை எழும். மலாக்கா நீரிணையில் விடியலுக்கு முன் வந்து அறையும் சுமத்ராப் புயற்காற்று கயிற்றை இறுக்கிக்கட்ட அவகாசம் தராது. ஆகவே துறையில் நிற்கும்போதே, படகு கவிழ்ந்தாலும் தோம்பு நகராதபடி இரண்டு இடங்களில் பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். தோம்பின் அடிவளையம் உப்புநீரில் நின்றால் துருவேறும் என்பதால் கீழே பிளாஸ்டிக் கிராதி ஒன்றைப் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை நன்னீரால் கழுவுங்கள்.

எல்லாப் படகிலும் இத்தகைய பெட்டி இருப்பதில்லை. நிறைந்த 14 கிலோ தோம்பு காலித் தோம்பின் எடையையும் சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ கனக்கும். சிறிய படகுகளின் பெட்டிக்குள் அது நுழைவதும் கடினம். அப்படிப்பட்டவர்கள் 10 கிலோ தோம்பை வாங்கி, படகின் பின்முனைக் கம்பிவேலிக்கு வெளிப்புறமாக, வாயு நேராகக் கடலில் விழும்படி பொருத்தலாம். மேலே நிழலுக்கு ஒரு மூடி தேவை. நம் வெயிலில் ரப்பர்க் குழாயில் வெடிப்புகள் விழுந்துவிடும். பார்வைக்கு அழகில்லை என்று சிலர் இதைத் தவிர்க்கிறார்கள். என் கணிப்பில், ஒழுங்காக அடைபடாத ஓர் உட்பெட்டியைவிட அழகில்லாத இந்த ஏற்பாடே மேல்.

ரெகுலேட்டர் விஷயத்தில் நிதானம் வேண்டும். ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்து இங்கே கைமாறிய படகுகளின் இணைப்புகள் மலேசியத் தோம்புகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அதற்காக அடுக்கடுக்காக அடாப்டர்களை மாட்டாதீர்கள். ஒவ்வொரு இணைப்பும் கசியக்கூடிய ஓரிடம். அடுப்பின் தகட்டில் எழுதியுள்ள அழுத்தத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அது 30 மில்லிபாரை ஒட்டியே இருக்கும்; அதற்கேற்ற உள்ளூர்க் குறைந்த அழுத்த ரெகுலேட்டர் ஒன்றை வாங்குங்கள். அதே கடையில், அங்காடிக்காரர்கள் பெரிய வாணலிக்குப் பயன்படுத்தும் உயர் அழுத்த ரெகுலேட்டரும் தொங்கும். அது படகு அடுப்புக்கு உதவாது. வெளிநாட்டுத் தோம்பை உள்ளூர்த் தோம்பிலிருந்து கவிழ்த்து நிரப்பித் தருவதாகச் சொல்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். தோம்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் திரவம் நிரம்பினால், வெப்பத்தில் அது விரிவதற்கு இடமிருக்காது.

பெட்டியிலிருந்து அடுப்புக்குச் செல்லும் குழாய் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக இருக்க வேண்டும்; பெட்டிச் சுவரைத் துளைத்துச் செல்லும் இடம் வாயு புகாதபடி அடைக்கப்பட வேண்டும். ரப்பர்க் குழாய்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். தோம்புக்கும் ரெகுலேட்டருக்கும் இடையே ஓர் அழுத்தமானி பொருத்தினால், கசிவைக் கண்டறிய அதைவிட நல்ல கருவி கிடையாது. அடுப்புத் திருகுகளை மூடி, தோம்பைத் திறந்து, சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) இருந்தால் அதையும் திறந்து, மானியின் அளவைக் குறித்துக்கொண்டு, தோம்பின் வால்வை மட்டும் மூடிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். முள் சற்றே இறங்கினாலும் எங்கோ கசிகிறது என்று பொருள். கசியும் இடத்தைச் சோப்புநீர் தடவிக் கண்டுபிடியுங்கள். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் பித்தளை இணைப்புகளை அரிக்கும் என்பதால் அது வேண்டாம். தோம்பில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை இந்த மானி காட்டாது. அதை அறியத் தோம்பைத் தராசில் நிறுத்தி, அதன் மேல்வளையத்தில் பொறித்துள்ள காலி எடையைக் கழிக்க வேண்டும்.

கேபினில் வாயு உணர்கருவி ஒன்றைப் பொருத்துங்கள். வாயு கீழே இறங்குவதால் அதைத் தரையை ஒட்டியே வைக்க வேண்டும், புகை உணர்கருவியைப்போல் கூரையில் மாட்டினால் பயனில்லை. வாசனையை மட்டும் நம்பக்கூடாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே வாயுவில் நாற்றப்பொருள் சேர்க்கிறார்கள் என்றாலும், மூக்கு சிறிது நேரத்தில் அதற்குப் பழகிவிடும். டீசல் வாடை வீசும் கேபினில் அது தெரியாமலும் போகலாம்.

சமைத்து முடித்தவுடன் தோம்பின் வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய வாயு எரிந்து தீர்ந்து சுவாலை அணைந்தபின், அடுப்புத் திருகை மூடுவதே வழக்கமாக வேண்டும். பினாங்கை ஒட்டியுள்ள ஜெரெஜாக் தீவருகே நங்கூரமிட்டு, அரை மணிக்கொருமுறை தேநீர் போடும் நாளில் இது சலிப்பூட்டும்தான். அடுப்பின் அருகில் சுவிட்ச் வைத்த சோலனாய்டு வால்வு இந்தச் சலிப்பைப் போக்கும். ஆனால் எரியும் அடுப்பைத் தாண்டிக் கைநீட்டி அணைக்கும் இடத்தில் அந்தச் சுவிட்சைப் பொருத்தக்கூடாது. படகைவிட்டு இறங்கும்போது எப்படியும் தோம்பைக் கையால் மூட வேண்டும்.

வாயு வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சுக்குள் எழும் சிறு பொறியே போதும். எரியும் சுவாலையை அணைத்து, எல்லோரையும் மேல்தளத்துக்கு அனுப்பி, தோம்பைக் கையால் மூடி, திறக்கக்கூடிய எல்லாத் திறப்புகளையும் திறந்துவிடுங்கள். எஞ்சினையோ மின்சார பில்ஜ் பம்பையோ தொடாமல், மேல்தளத்திலிருந்து இயக்கும் கைப்பம்பு இருந்தால் அதைக்கொண்டு பில்ஜிலுள்ள வாயுவை வெளியே இறைக்கலாம். மரீனாவில் இருந்தால் பக்கத்துப் படகுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, படகிலிருந்து விலகி வந்தபின் 999-க்கு அழையுங்கள்.

வாங்கிவரும் வழியும் கவனத்துக்குரியதே. கடையில் வால்வின் முத்திரை, உள்ளிருக்கும் ரப்பர் வளையம், அடிப்பகுதித் துரு ஆகியவற்றைப் பார்த்து, சரியில்லையென்றால் வேறு தோம்பு கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. காரில் படுக்க வைக்காமல், சன்னல்களைத் திறந்துவைத்து ஓட்டிவாருங்கள். வழியில் சாப்பிட இறங்கி, வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுச் செல்லாதீர்கள். படகைப் பல மாதங்கள் விட்டுச் செல்வதானால் தோம்பை அவிழ்த்து, குழாயின் முனையை மூடியிட்டு அடைத்து, தோம்பைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.