ஆணியைப் பார்த்து டயரை எடை போடாதீர்கள்

போன ஐப்பசியில், நல்ல மழையில், மதுராந்தகம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் என் காரின் இடது பின் டயர் இறங்கிவிட்டது. ஓரத்தில் இருந்த டீக்கடைக்காரர், “ரெண்டு கிலோமீட்டர்ல பஞ்சர் கடை இருக்கு” என்றார். மெதுவாக உருட்டிக்கொண்டே போனேன். கடைக்காரர் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே கைவிட்டு ஒரு பிடி கறுப்புத் தூளை அள்ளிக் காட்டினார். “ஆணி சின்னதுதான் சார். டயரைக் கெடுத்தது ஆணி இல்ல, நீங்க ஓட்டினது.” இருநூறு ரூபாய்க்குள் முடிய வேண்டிய வேலைக்குப் புது டயரே வாங்க வேண்டியதாயிற்று.

காற்றில்லாத டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் மாட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி, சூடேறி, உள் ரப்பர் தூளாக உதிரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பஞ்சர் ஒட்டிக் காற்றடித்தால் பழையபடி விறைப்பாக நிற்கும். ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் அந்தச் சுவர் எப்போது வேண்டுமானாலும் கிழியலாம். ஆகவே டயர் படுத்துவிட்டால், பாதுகாப்பாக ஓரங்கட்டும் தூரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஆணி தெரிந்ததும் பிடுங்கிப் பார்ப்பது அடுத்த அவசரம். டியூப்லெஸ் டயரில் அந்த ஆணியே ஓட்டைக்கு அடைப்பான். பிடுங்கினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். காற்று நிற்கிறதென்றால் அப்படியே விட்டு, காற்றடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சில ஆணிகள் பட்டன் ரப்பரோடு, அதாவது தரையில் படும் மேல்பகுதியோடு நின்றுவிடும், உள்ளே போயே இருக்காது. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வால்விலும் ரிம் ஓரத்திலும் ஊற்றிப் பாருங்கள். வால்வு கசிவை டயர் கோளாறு என்று நினைத்து டயரையே மாற்றியவர்கள் உண்டு.

நம் ஊரில் பஞ்சர் என்றாலே ஸ்ட்ரிப்தான். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், ஊசியால் துளையை அகலமாக்கி, பசை தடவிய ரப்பர்த் திரியைச் செருகி, மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். பத்து நிமிஷ வேலை. ஊர் போய்ச் சேர அது போதும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டயரின் உள்பக்கத்தை யாரும் பார்க்கவில்லையே! பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பி அடுக்கு இருக்கிறது. துளை வழியாக ஈரம் இறங்கினால் அது துருப்பிடிக்கும். டயரைக் கழற்றி உள்ளே சோதித்து, காளான் வடிவப் பேட்ச் வைப்பதுதான் முறையான வேலை. தண்டு துளையை அடைக்கும், குடை உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். காசு கூடத்தான் ஆகும்.

அதுவும் ஓட்டை பட்டனின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான். ஓரத் தோளிலோ பக்கச்சுவரிலோ குத்தியிருந்தால் ஒட்டச் சொல்லி மன்றாடாதீர்கள். அங்கே எஃகு அடுக்கு கிடையாது, ஓடும்போதெல்லாம் வளைந்துகொண்டே இருக்கும் இடம். பள்ளத்தில் விழுந்து பக்கத்தில் புடைத்திருந்தாலும் அப்படித்தான். உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். “டியூப் போட்டு ஓட்டுங்க சார்” என்பார்கள். அறுந்த சுவருக்கு டியூப் பலம் கொடுக்காது. சூடு கூடும், மறுபடி ஆணி குத்தினால் காற்று ஒரேயடியாக இறங்கும்.

சின்ன ஓட்டைதான், ஆனால் டயர் மொட்டை என்றால் ஒட்டுவது வீண். பட்டன் இடுக்குகளில் சின்ன மேடுகள் இருக்கும். தேய்மானம் அவற்றைத் தொட்டுவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்ற வேண்டிய நேரம்.

மாற்றும்போதும் ஒரு தவறு உண்டு. ஒன்று மட்டும் புதிதாகப் போட்டு, அதே அச்சின் மறுபக்கத்தில் தேய்ந்ததை விட்டுவைப்பது. ஜோடியாக மாற்றுங்கள், அளவும் பட்டன் அமைப்பும் ஒன்றாக இருக்கட்டும். புது ஜோடி முன்னாலா பின்னாலா? ஸ்டியரிங் முன்னால்தானே என்று எல்லோரும் முன்னால் போடுவார்கள். பின்னால் போடுவதே சரி. ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

2020இல் விதி திருத்தப்பட்ட பிறகு, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் கொண்ட டியூப்லெஸ் கார்கள் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். அந்தக் கிட்டில் இருக்கும் திரவம் கடைவரை போவதற்குத்தான். ஊற்றியதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

என் காரில் ஸ்டெப்னி இருந்தது. பிறகு ஏன் ஓட்டினேன் என்கிறீர்களா? அதிலும் காற்றில்லை. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 1114. அதாவது 2014ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்த டயர். டிக்கியில் கிடந்த அத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் அதை எடுத்துப் பார்த்ததில்லை.