செஷன் முடிந்த பிறகு ஏஜாக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஜாக்ஸ் என்பது பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் சர்வரை அழைப்பது; செஷன் என்பது லாகின் செய்தவரைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும் காலம். அந்தக் காலம் முடிந்தபின் வரும் அழைப்பைக் கையாள்வதில், புதிதாக வந்தவர்களின் நிரலைப் பார்க்கும்போதெல்லாம் அதே பழைய கோளாறுகள். விட்டுப்போன செமிகோலன் போன்றவை தானாகத் தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

200 வந்தால் சரி என்று நம்புவது

இன்றும் எரிச்சல் தருவது இதுதான். செஷன் முடிந்ததும் சர்வர் 302 அனுப்பி லாகின் பக்கத்துக்குப் போகச் சொல்கிறது. அந்த 302 ஜாவாஸ்கிரிப்டின் கண்ணில் படவே படாது. பிரௌசரே லாகின் பக்கத்தை எடுத்துவந்து, 200 என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடும். ஜேசன் (தரவு அனுப்பும் வடிவம்) வரவேண்டிய இடத்தில் ஹெச்டிஎம்எல் வந்து, அதைப் படிக்க முடியாமல் பார்ஸ் பிழை கிளம்பும். நம் ஆள் ஜேசனில் குறை தேடிக்கொண்டிருப்பார்.

ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் திரையில், ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் லோட் வைத்துச் சரக்கு இருப்பைப் பக்கத்தின் ஒரு பகுதிக்குள் (டிவ்) ஏற்றியிருந்தார்கள். கணக்கர் சாப்பிட்டுவிட்டு வந்து பட்டனை அழுத்தினால், பட்டியல் இருந்த இடத்தில் குட்டியாக ஒரு லாகின் பெட்டி. அவரும் பாஸ்வேர்டைப் போட்டார். திரும்ப வேண்டிய முகவரி என்று சர்வர் குறித்துவைத்திருந்ததோ அந்தத் துண்டுப் பட்டியலை. மெனு இல்லை, ஸ்டைல் இல்லை, வெள்ளைத் திரையில் வெறும் அட்டவணை. பாதி போட்ட பில்லும் போச்சு. "சார், சாஃப்ட்வேர் அழிஞ்சிடுச்சு" என்று போன்.

சரிசெய்ய வேண்டியது சர்வரில். ஏஜாக்ஸ் அழைப்புக்கு ரீடைரக்ட் கூடாது, 401 (லாகின் தேவை) மட்டும். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் உள்ள லாகின் முறையான ஃபார்ம்ஸ் ஆதென்டிகேஷன் நீங்கள் அனுப்பும் 401-ஐயும் 302 ஆக்கிவிடும்; 4.5 பதிப்பிலிருந்து அதை நிறுத்த வழி உண்டு. பிஹெச்பி கட்டமைப்பான லாராவெல், ஜேசன் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் தானே 401 தரும். பிரௌசரே தரும் ஃபெட்ச்சில், ஜேசன் வேண்டும் என்று சொல்லும் அக்செப்ட் ஹெடரை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு அழைப்பிலும் 401 சோதிப்பது

எல்லா அழைப்பின் பிழையையும் ஓரிடத்தில் பிடிக்க, ஜேக்வெரிக்கு ஏஜாக்ஸ்எரர், இன்னொரு நூலகமான ஆக்ஸியோஸுக்கு இன்டர்செப்டர். ஒரே இடம் போதும். ஃபெட்ச் 401-க்கு, பிழை பிடிக்கும் கேட்ச்சுக்குள் போகாது, ஸ்டேட்டஸைப் பார்க்க ஒரு பொது ஃபங்ஷன் எழுதிக்கொள்ளுங்கள். லாகின் பெட்டி ஏற்கெனவே திறந்ததா என்று குறிக்க ஒரு ஃப்ளாக்கும் வையுங்கள். இல்லாவிட்டால் டாஷ்போர்டில் ஆறு அழைப்பு ஒன்றாகத் தோற்றால் ஆறு பாப்அப் வரும்.

403-க்கும் லாகின் பக்கம்

403 என்றால் அனுமதி இல்லை என்று பொருள். அனுமதி இல்லாதவர் எத்தனை முறை லாகின் செய்தாலும் அனுமதி வராது.

போலிங்கை மறப்பது

நிமிடத்துக்கொரு முறை அறிவிப்பு கேட்கும் அழைப்பும் (போலிங்), அழைப்பு வரவர காலம் நீளும் ஸ்லைடிங் செஷனை நீட்டிக்கும். ஆள் வீட்டுக்குப் போனாலும் செஷன் முடியாது.

401 வந்ததும் ரீலோட்

டைப் செய்ததெல்லாம் போய்விடும். அதே பக்கத்தின் மேல் லாகின் பெட்டியைக் காட்டி, அப்புறம் தோற்ற அழைப்பை மறுபடி அனுப்புங்கள். சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (போலி அழைப்பைத் தடுக்கும் ரகசியக் குறி) மாறியிருக்கும். புதியதை எடுத்துக்கொண்டு அனுப்புங்கள்.