டர்பன் கரையில் நின்று திமிங்கலம் எண்ணுவது எப்படி?

ஆடியில் அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாட்களில் நம் தென்னாப்பிரிக்க டர்பன் கடலில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் வடக்கே போய்க்கொண்டிருக்கும். அண்டார்டிகா பக்கம் கோடையெல்லாம் கிரில் என்னும் குட்டி இறால் போன்ற உயிரியைத் தின்று கொழுத்தவை, குட்டி போட மொசாம்பிக் கடலின் வெதுவெதுப்பைத் தேடிப் போகின்றன. புரட்டாசி பிறந்தால் திரும்பும் கூட்டம். தீபாவளி சமயத்தில் குட்டியோடு வரும் தாய்களைப் பார்க்கலாம். எண்ணுவதற்குப் படகு வேண்டியதில்லை.

படி 1: மேடான இடம் பிடியுங்கள். மணலில் நின்றால் அலைதான் தெரியும். சாட்ஸ்வொர்த்காரர்களுக்குப் பிளஃப் மேடு பக்கம்தான். 1975 வரை திமிங்கல வேட்டை நிலையம் இயங்கியதும் அதே பிளஃபில்தான்!

படி 2: காற்று அடங்கிய காலையில் போங்கள். விடிந்தவுடனே வேண்டாம், வெயில் நேரே கண்ணில் அடிக்கும். சூரியன் கொஞ்சம் மேலே ஏறட்டும். கடலெங்கும் வெள்ளை நுரை கிளம்பிவிட்டால் மூட்டையைக் கட்டிவிடலாம். நுரைக்கும் திமிங்கலம் விடும் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாது.

படி 3: முதலில் வெறுங்கண்ணால் தேடுங்கள். திமிங்கலம் மூச்சு விடும்போது வெள்ளைப் புகை மாதிரி எழும்பிக் கலையும். அதைக் கண்ட பிறகு பைனாகுலரை எடுங்கள்; எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 வகை போதும். புகை ஒரே புதராக எழும்பி, முதுகில் சின்னத் துடுப்பு தெரிந்தால் கூன்முதுகு. புகை இரண்டாகப் பிரிந்து, முதுகுத் துடுப்பே இல்லையென்றால் ரைட் திமிங்கலம். அது கேப் டவுன் பக்கம்தான் அதிகம்.

படி 4: கடலைப் பார்த்து நின்றால் இடது கை வடக்கு. எந்தப் பக்கம் போகிறது என்று குறியுங்கள். நாலைந்து மூச்சு விட்டு முங்கிய கூட்டம் சில நிமிடம் கழித்துச் சற்றுத் தள்ளி எழும்பும். அதைப் புதுக்கூட்டம் என்று இன்னொரு முறை எண்ணிவிடக் கூடாது. போகும் திசையும் தெரியும், சராசரியாக ஆள் வேகமாக நடக்கும் அளவுதான் வேகம். எங்கே எழும்பும் என்று ஓரளவு கணித்துவிடலாம்.

படி 5: நோட்டில் எழுதுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். “பன்னிரண்டு பார்த்தேன்” என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும், ஆராய்ச்சிக்கு உதவாது. அரை மணியில் பன்னிரண்டா, அரை நாளிலா? உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், காற்று, எத்தனை கண்கள் பார்த்தன என்பதெல்லாம் வேண்டும். ஒன்றுமே வராத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள். அந்தப் பூச்சியம் இல்லாமல் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிடவே முடியாது. தெற்கு அரைக்கோளத்தில் 1963 முதல் கூன்முதுகைக் கொல்லத் தடை இருக்கிறது. அதன்பின் அவை பெருகிவந்ததைக் கண்டுகொண்டதில் கரையிலிருந்து இப்படி எண்ணியதற்கும் பங்குண்டு.

வாலின் அடிப்புறக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அது படத்தில் விழுந்தால் ஹேப்பிவேல் (Happywhale) இணையதளத்தில் ஏற்றுங்கள். முன்பு வேறெங்காவது படம் பிடிக்கப்பட்ட விலங்கா என்று ஒப்பிட்டுச் சொல்வார்கள். ஆனால் கரையிலிருந்து அந்தக் கோணம் அபூர்வம். படத்துக்கு ஆசைப்பட்டு யார் படகிலாவது ஏறினால், அனுமதி இல்லாத படகு 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது இங்கே சட்டம்.